கல்முனைக் கரையில் மூதாதையர் தேடல்: ஏட்டுவழியும் குடிவழியும்

1635ஆம் ஆண்டில், வட அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் ஜோர்ஜ் மெனஃபி எனும் ஆங்கில வணிகர் பெற்ற காணி உரித்து ஆவணத்தில், அவர் தருவித்த ஆட்களின் பெயர் வரிசையிடையே 'டோனி, கிழக்கிந்தியர்' என்றொரு பதிவு காணப்படுகின்றது. ஆளொருவரைத் தருவிப்பவருக்கு 50 ஏக்கர் காணி என்பது அக்குடியேற்றத்தின் விதி. எனவே டோனியின் பெயர் ஏடேறியது டோனியின் பொருட்டன்று. அவரைக் கணக்குக்காட்டிப் பெற்ற நிலத்தின் பொருட்டேயாம். 'கிழக்கிந்தியர்' என்ற சொல்லோ சோழமண்டலக் கரையோர், மலையாளக் கரையோர், இலங்கையர், சாவகத்தீவினர் ஆகிய எவரையும் சுட்டவல்லது. ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கியதே 1640இல் ஆதலின், டோனியைச் சென்னையோடு பிணைக்கும் கூற்றுக்கள் எச்சரிக்கையுடன் நோக்கற்பாலன. பதினெட்டாம் நூற்றாண்டு வர்ஜீனியாச் செய்தித்தாள்களில், எசமானரிடமிருந்து தப்பியோடிய 'கிழக்கிந்தியர்' பற்றிய விளம்பரங்கள் வெளிவந்தன. இத்தகையோரின் சந்ததியினர் காலப்போக்கில் வேறு இனப்பெயர்களுள் கரைந்தனர். அவர்தம் வழித்தோன்றலொருவர் இன்று பின்னோக்கித் தேடின், எசமானரின் கணக்கேட்டோடு வழி முட்டிநின்றுவிடும்.

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையிலே இதே தேடலை மேற்கொள்வார்க்கு நிலைமை யாது? இங்கும் ஏட்டுவழி நெடுந்தூரம் செல்வதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுமுறை 1867இலிருந்தே ஒழுங்குபெற்றது. முஸ்லிம் விவாகப் பதிவுக்கான சட்டம் 1886இல் வந்தது. ஒல்லாந்தரின் தோம்புகளோ முதன்மையாகத் தென்மேற்குக் கரையையும் யாழ்ப்பாணத்தையும் சார்ந்தவை. தந்தை பெயரே முதலெழுத்தாக நிற்கும் பெயர்முறையில், தலைமுறைதோறும் அம்முதலெழுத்து மாறிவிடுகின்றது. ஐரோப்பியக் குடும்பப்பெயரைப் பற்றிக்கொண்டு பின்செல்வதுபோல இங்குச் செல்ல இயலாது.

ஏட்டுச் சான்றெனப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 1626ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது குவேறோஸ் பாதிரியார் தரும் செய்தி. அவர் கோவாவிலிருந்து, நிகழ்ச்சிக்குப் பல பத்தாண்டுகளின் பின் எழுதியவர். இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். குடியேற்றம் நிகழ்ந்தது என்பதை ஐயுற நாம் காரணம் காணவில்லை. ஆயின் 4,000 என்ற முழு எண்ணைக் குடிமதிப்புக் கணக்காகக் கொள்ளுதல் தகாது. அவ்வெண்ணைக் காட்டிக் கீழ்க்கரை முஸ்லிம்கள் யாவரும் 1626இல் வந்தவர்களே என வாதிப்பது அதனினும் தகாது. வந்தோர் முன்பே அங்கு வாழ்ந்தோரோடு கலந்தனர் என்பதற்கு அப்பகுதிச் சமூக அமைப்பே சான்று பகர்கின்றது.

அவ்வமைப்பின் அச்சாணி குடிமுறையாகும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் பிள்ளைகள் தாயின் குடியையே சார்வர்; ஒரே குடிக்குள் மணவுறவு கொள்ளுதல் மரபன்று. அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரிலே முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம்கள் முக்குவப் பெண்களை மணந்தனர் எனும் வாய்மொழி மரபு, இவ்வொற்றுமைக்குக் காரணங்கூற எழுந்ததாகும். அதனை நடந்தவாறே நடந்த வரலாறாகக் கொள்ளவேண்டுவதில்லை. இரு சமூகத்தாரும் பொதுப் பாட்டிமாரை ஒப்புக்கொண்ட காலமொன்றிருந்தது என்பதை அது உணர்த்துகின்றது. கடந்த நாற்பதாண்டுக் கசப்புக்களை எண்ணுவார்க்கு இது சிறிய செய்தியன்று.

பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிகளின் சார்பாக மரைக்காயர் அமர்ந்தனர். இப்பதவி ஆண்களுக்குரியது, எனினும் பதவிக்கு அடிப்படையான குடியோ பெண்வழியே வந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என எழுதியதும், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்ததும் பலரும் அறிந்தவை. மொழி, தோற்றம், அரபுத் தந்தைவழி என்பவற்றைச் சுற்றியே அவ்விவாதம் சுழன்றது. கல்முனை மூதாட்டியொருவரிடம் 'எந்தக் குடி?' என்று வினவியிருப்பின் வேறொரு வரலாறு கிடைத்திருக்கும் என்பது எம் கருத்து.

இனி, தேடும் முறைக்கு வருவோம். இப்பகுதியில் வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாக எழுதப்படுவது. கணவன் மனைவி வீட்டிற்கு வந்து வாழ்வான். ஆகவே பழைய சீதன உறுதிகளை வரிசையாக அடுக்கின், தாய், தாயின் தாய், அவள் தாய் எனப் பெயர்கள் தொடர்ந்து கிடைக்கின்றன. ஏட்டுவழியும் குடிவழியும் சந்திக்குமிடம் இதுவே. பிறப்புப் பதிவில் தந்தையைத் தேடிக் களைத்தோர், காணி உறுதியில் பாட்டியைத் தேடலாம். இக்காலத்து மரபணுச் சோதனையிலும் தாயிடமிருந்து மட்டும் வரும் இழைமணி மரபணு இதே வழியைப் பின்பற்றுவது சுவையான ஒப்புமை. எனினும் ஒரு குடிக்குள் பல பெண்வழிகள் சேர்ந்திருத்தல் கூடுமாதலின், அச்சோதனை குடியின் பெயரைச் சொல்லித்தராது.

2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, வீடுகளோடு பெட்டிகளிலிருந்த உறுதிகளும் அள்ளுண்டு போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக்கட்டலாகாது என முதலில் விதிக்கப்பட்டமையால், பலர் பாட்டி வளவைவிட்டு அப்பாற் குடியமர வேண்டியதாயிற்று. புதிய வீடுகளை வழங்குகையில், 'குடும்பத் தலைவர்' என்ற அலுவலக வழக்குப்படி ஆடவர் பெயருக்கே உரித்து எழுதும் போக்கு மேலோங்கியது. பெண்கள் பெயரில் தலைமுறைகளாக நின்ற சொத்து இவ்வாறு ஒரு படிவத்தினால் கைமாறியது. நிவாரணப் பணியாளர் எவரும் தீங்கு கருதினர் என்று நாம் கூறவில்லை; இங்கு வீடு எவருடையது என்று கேளாதிருந்தனர், அவ்வளவே. அதனோடு சேர்ந்து, மூதாதையரைத் தேடும் உறுதிச் சங்கிலியும் அத்தலைமுறையில் அறுபட்டது.

எஞ்சியிருப்பவை காணிப் பதிவகப் பிரதிகளும், மூதாட்டியரின் நினைவுமே. பிரதிகள் காத்திருக்கும். ஆகவே களத்திற்குச் செல்லும் மாணவர் முதலில் மூதாட்டியரின் வாக்குமூலங்களைக் குடி, வளவு, மணவுறவு என்ற அடைவில் பதிவுசெய்துகொண்டு, அதன் பின்னரே பதிவகத்தை நாடுதல் வேண்டும்.