பள்ளிக்கு வெளியே ஒரு பத்து நாள்

கடந்த கோடை விடுமுறையின் தொடக்கத்தில், எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் நண்பர் ஒரு வேண்டுகோளுடன் என் வீட்டுக்கு வந்தார். அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவை முடித்திருந்த அவருடைய மகள், ஏதேனும் ஓர் அலுவலகத்தில் சில நாள்கள் இருந்து கணக்கு எழுதுவதைப் பார்க்க விரும்புகிறாள் என்றார். சம்பளம் வேண்டாம், பார்த்தால் போதும் என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இது எளிய காரியம் என்றே எண்ணினேன். ஆனால், நான் அணுகிய முதல் நான்கு இடங்களிலும் மறுத்துவிட்டார்கள். 'பதினெட்டு வயது ஆகவில்லையே' என்றார் ஒருவர். 'ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு?' என்றார் இன்னொருவர். 'கல்லூரி மாணவர்களுக்கே இடம் தர முடியவில்லை' என்றார்கள் மற்ற இருவரும். ஐந்தாவதாக, ஒரு காலத்தில் என்னிடம் படித்து இன்று தணிக்கையாளராக இருக்கும் பெண்மணி ஒருவர் இரண்டு வாரங்களுக்கு அவளைத் தம் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார்.

அதே மாதத்தில், நண்பர் ஒருவரின் பேரன் தான் பெற்ற சான்றிதழைக் காட்டினான். நான்கு வார 'ஆய்வுப் பயிற்சி'யை அவன் நிறைவு செய்திருப்பதாக அதில் அச்சிடப்பட்டிருந்தது. இணையவழியில் நடந்த பயிற்சி, கணிசமான கட்டணம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உதவும் என்று சேர்த்திருக்கிறார்கள். என்ன ஆய்வு செய்தாய் என்று கேட்டேன். தலைப்பைச் சொன்னான், அதற்கு மேல் சொல்ல அவனால் இயலவில்லை. அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவனிடம் எவரும் எதையும் செய்யச் சொல்லவில்லை.

இந்த இரு நிகழ்வுகளையும் விளங்கிக்கொள்ளப் பொருளியலில் இரண்டு கருத்துகள் துணைபுரியும். முதலாவது, கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில் விளக்கியது. ஒரு நிறுவனம் அளிக்கும் பயிற்சி அந்த நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படக்கூடியதாக இருந்தால், அதன் செலவை ஏற்க அது முன்வரும். எந்த நிறுவனத்துக்குச் சென்றாலும் பயன்படக்கூடிய பொதுப் பயிற்சியாக இருந்தால், செலவை ஏற்கத் தயங்கும். பலனை வேறொருவர் அறுவடை செய்யக்கூடும் என்பதே காரணம். பள்ளி மாணவருக்கு இரு வாரங்களில் கிடைப்பது முழுக்க முழுக்கப் பொதுப் பயிற்சி. எனவே, அந்த நான்கு இடங்களிலும் மறுத்தவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதில் ஆதாயம் இல்லை, அவ்வளவுதான். சமுதாயத்துக்கு ஆதாயம் உண்டு; ஆனால், அதற்கான ஏற்பாட்டைச் சமுதாயம் செய்து வைக்கவில்லை.

இரண்டாவது, மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த 'சமிக்ஞை'க் கோட்பாடு. ஒருவரின் திறமையை நேரில் அறிய இயலாத நிலையில், சான்றிதழ் போன்ற அடையாளங்களைக் கொண்டே மற்றவர்கள் அதை மதிப்பிடுகிறார்கள். அந்த அடையாளம் பொருளுடையதாக இருக்க வேண்டுமானால், திறமை உள்ளவருக்கு அதைப் பெறுவது எளிதாகவும், இல்லாதவருக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். பணம் கட்டினால் போதும் என்றாகிவிட்டால், அச்சான்றிதழ் தந்தையின் வருவாயை அறிவிக்குமேயன்றி மாணவரின் திறனை அறிவிக்காது. இன்று பள்ளி மாணவர்களுக்கான பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில் பல இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஆக, பயிற்சி தேவைப்படும் குழந்தைக்கு இடமில்லை. சான்றிதழ் தேவைப்படும் குழந்தைக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது.

பள்ளிக்கு வெளியே கற்பது என்பது நமக்குப் புதிய சிந்தனை அன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, 'பணி அனுபவம்' பள்ளிக் கல்வியின் பகுதியாக வேண்டும் என்றது. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி அறிமுகமான 1978-ஆம் ஆண்டில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்த பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலை வகுப்புகளில் தொழிற்கல்விக்கு முதன்மை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் புத்தகப் பை இல்லாத பத்து நாள்களில் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பயில வேண்டும் என்கிறது.

எனினும், இந்தப் பேச்சை எடுத்தாலே தமிழகத்தில் ஓர் அச்சம் எழுகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1953-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் குறைக்கப்பட்டு, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டம் வந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயரில் அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது சரியே. பிறப்பால் அமைந்த தொழிலுக்குள் குழந்தையைத் திருப்பி அனுப்பும் எந்த ஏற்பாடும் கல்வி ஆகாது.

அந்த அச்சத்தை மதிப்பதால்தான் நான் இதை வலியுறுத்துகிறேன். வழக்கறிஞரின் மகன் நீதிமன்றத்தை எப்படியும் பார்த்துவிடுவான். மருத்துவரின் மகள் மருத்துவமனையின் நடைமுறையை உணவு மேசையிலேயே கேட்டு வளர்கிறாள். துணி தேய்ப்பவரின் மகளுக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தைக் காட்டப்போவது யார்? குலக்கல்வி குழந்தையைத் தந்தையின் தொழிலுக்கு அழைத்துச் சென்றது. நான் கேட்கும் பயிற்சி, தந்தையால் அழைத்துச் செல்ல இயலாத இடத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள்.

பிற நாடுகள் இதை எவ்வாறு செய்கின்றன என்பதையும் பார்க்கலாம். ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், 1998 முதல், எட்டாம் வகுப்புக்கு இணையான நிலையில் உள்ள அரசுப் பள்ளி மாணவர்கள் ஐந்து நாள்கள் பள்ளிக்குச் செல்லாமல் கடைகள், பண்ணைகள், தீயணைப்பு நிலையங்கள், மழலையர் பள்ளிகள் போன்ற இடங்களுக்குச் செல்கிறார்கள். அயர்லாந்தில் 1974-இல் தொடங்கிய 'இடைநிலை ஆண்டு' என்ற ஏற்பாட்டில், பதினைந்து பதினாறு வயது மாணவர்கள் பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாத ஓராண்டில் பணியிட அனுபவமும் பெறுகிறார்கள். ஜெர்மனியில் ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பில் இரண்டு, மூன்று வாரப் பணியிடப் பயிற்சி வழக்கமானது. இவை எதிலும் பயிற்சி வசதி படைத்தோரின் தனிச்சொத்தாக இல்லை. பள்ளிக் கல்வியின் பகுதியாகவே அது அமைந்திருக்கிறது.

சட்டம் தடையாக நிற்கிறதா என்றால், இல்லை. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பணியில் அமர்த்துவதை நம் சட்டம் தடை செய்கிறது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலானவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. இந்த இரு வேலிகளும் மிக அவசியமானவை. மேல்நிலை மாணவர் ஒருவர் நூலகத்திலோ, அஞ்சலகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, தணிக்கையாளர் அலுவலகத்திலோ பத்து நாள் அமர்ந்து கற்பதை இவை தடுக்கவில்லை. ஆயினும், கற்பிக்கிறோம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்குவோர் எங்கும் உண்டு. ஆகவே, பள்ளியின் கண்காணிப்பு இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

வெளியிடம் கிடைக்காத மாணவர்கள் தாமாகக் கற்பதற்கும் வழிகள் இருக்கின்றன. விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன; சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. 1993 முதல் நடைபெற்றுவரும் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராயுமாறு சிறாரை ஊக்குவிக்கிறது. இஸ்ரோ 2019-இல் தொடங்கிய 'யுவிகா', ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரண்டு வாரங்கள் விண்வெளி மையங்களில் தங்க வைத்துப் பயிற்றுவிக்கிறது. இவற்றுக்குத் தேவை செய்தி தெரிந்திருப்பது மட்டுமே. அந்தச் செய்திதான் பல பள்ளிகளின் அறிவிப்புப் பலகையை எட்டுவதில்லை.

எந்த நிறுவனமும் தேவைப்படாத கல்வியும் உண்டு. பொருளாதாரம் படிக்கும் மாணவர் ஒருவர், முப்பது நாள்கள் உழவர் சந்தையில் தக்காளி விலையையும், தம் தெருக்கடையில் அதே தக்காளி விலையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். இடைவெளி ஏன் சில நாள் விரிகிறது, ஏன் சில நாள் சுருங்குகிறது என்று வியாபாரிகளிடம் கேட்கட்டும். போக்குவரத்துச் செலவு, அழுகல், மழை, முகூர்த்த நாள் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். தேவை, அளிப்பு பற்றி நான் கரும்பலகையில் வரைந்த கோடுகள் அத்தனையும் அந்த நோட்டில் இருக்கும்.

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருகிறேன். தணிக்கையாளர் அலுவலகத்தில் நான்காம் நாள் மாலை, வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் வந்து கேட்டாள்: 'சார், ஒரு கடைக்காரருக்குக் கணக்கில் லாபம் வருகிறது. ஆனால், வங்கியில் பணமே இல்லை, வட்டிக்குக் கடன் வாங்குகிறார். கணக்கு பொய்யா?'

கணக்கு பொய்யில்லை. கடனுக்கு விற்ற சரக்கும் விற்பனைதான். பணம் வரும்வரை லாபம் ஏட்டில் இருக்கும், கையில் இராது. இதைப் பாடநூல் சொல்கிறது. அவளும் படித்திருக்கிறாள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால், பற்றுச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது கேள்வியாக எழுந்தது. என் முப்பத்து நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்ட மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் மந்தமானவர்கள் அல்லர். கேள்வி பிறக்கும் இடத்துக்கு நான் அவர்களை அழைத்துச் சென்றதில்லை. இதை இப்போது சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில், விரும்பும் ஒவ்வொரு மாணவருக்கும் பத்து நாள் வெளியிடப் பயிற்சியைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் முயன்றால், ஒரு வட்டாரத்தில் ஐம்பது இடங்களைக் கண்டறிவது இயலாத செயலன்று. அரசு அலுவலகங்களும் கூட்டுறவு நிறுவனங்களும் முதலில் கதவைத் திறக்க வேண்டும், தனியார் பின்தொடர்வர். மாணவர்களை இருவர் இருவராக அனுப்ப வேண்டும். பெற்றோரின் எழுத்துபூர்வ இசைவும், பொறுப்பாசிரியர் ஒருவரின் நேரடிப் பார்வையும் கட்டாயம். எவரிடமும் கட்டணம் பெறக் கூடாது. மாறாக, பேருந்துச் செலவையும் மதிய உணவையும் மாணவருக்குத் தர வேண்டும். இந்தச் சிறு தொகை இல்லாமல்தான் ஏழை மாணவர் வீட்டிலேயே நின்றுவிடுவார்.

இதற்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வந்தால், தனிப்பயிற்சி மையங்களும் பின்னாலேயே வந்துவிடும். சான்றிதழும் வேண்டாம், அதற்குப் பதிலாக, மாணவர் தம் கையால் எழுதிய பத்து நாள் குறிப்பேடு போதும். நாள்தோறும் பார்த்தது ஒன்று, புரியாதது ஒன்று. அதை விலைக்கு வாங்குவது கடினம்.

என்னைப் போன்ற ஓய்வுபெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆசிரியர்களாக, வங்கி அலுவலர்களாக, பொறியாளர்களாகப் பணியாற்றியவர்கள் ஊர்தோறும் இருக்கிறோம். நம்மிடம் பணிபுரிந்தவர்களும் படித்தவர்களும் இன்று பொறுப்பான இடங்களில் அமர்ந்திருக்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகளுக்காக அவர்களைத் தொலைபேசியில் அழைக்க நாம் தயங்குவதில்லை. அந்த அழைப்பைத் தெருவில் உள்ள இன்னொரு குழந்தைக்காகவும் ஒருமுறை செய்யலாம்.

அந்தப் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். பட்டயக் கணக்காளர் தேர்வுக்கான முதல்நிலைத் தேர்வைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எழுதலாம் என்பதை அந்த அலுவலகத்தில்தான் அறிந்தாளாம். எழுதுவாளா, வெல்வாளா என்று நான் சொல்ல முடியாது. சென்ற வாரம் அவள் தன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் இரு மாணவியரை அழைத்துக்கொண்டு வந்தாள். ஒருத்திக்கு அச்சகத்தைப் பார்க்க வேண்டுமாம்; இன்னொருத்திக்குக் கால்நடை மருத்துவமனை. கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தொலைபேசியை எடுத்திருக்கிறேன்.