ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமை

பழைய ஆங்கிலத்தின் முன்னிலை ஒருமைச் சொல் ‘தூ’. வடமொழி ‘த்வம்’ என்பதோடு ஒரே மூலத்தது. பின்னர் ‘தௌ’ எனத் திரிந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கையொட்டி, உயர்ந்தோர் ஒருவரையே பன்மையால் அழைக்கலாயினர். நெருங்கியோர்க்கும் தாழ்ந்தோர்க்குமே ‘தௌ’ எஞ்சிற்று.

1611இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பு இறைவனையும் ‘தௌ’ என்பதால், அதனைக் கௌரவச் சொல்லாகக் கொள்வார் உளர். அங்ஙனன்று, யோபு நூலில் சாத்தானையும் இறைவன் அச்சொல்லாலேயே வினவுகிறார். எபிரேய, கிரேக்க மூலங்களின் வசனபேதத்தைக் காத்தலே அங்குக் கருத்து. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனிடம் பேசுகையில், சாத்தான் கேட்டது சீடர் அனைவரையும் என்னுமிடத்துப் பன்மையும், தாம் வேண்டிக்கொண்டது அவனொருவன் பொருட்டு என்னுமிடத்து ஒருமையும் வருகின்றன. இக்கால ஆங்கிலத்தில் இரண்டிடத்தும் ‘யூ’ என்றே நிற்பின், அடிக்குறிப்பு வேண்டியதாகிறது.