ஒரே கட்சி ஆளும் நாட்டில் கட்சிப் பத்திரிகை

செம்பட்டியில் திண்டுக்கல்லுக்கோ வத்தலக்குண்டுக்கோ பஸ் ஏற நிற்பவர்கள் டீக்கடையில் பேப்பரைப் புரட்டுவது வழக்கம். தினத்தந்தி, தினமலர் கிடக்கும். கடைக்காரர் கட்சிக்காரராக இருந்தால் முரசொலியோ தீக்கதிரோ கூட இருக்கும். தி.மு.க. கோட்டையில் இருக்கும்போது முரசொலி ஆளுங்கட்சிப் பத்திரிகை. தோற்றுவிட்டால் எதிர்க்கட்சிப் பத்திரிகை. அதில் வந்ததை மறுக்க, எதிர் பெஞ்சில் இருப்பவர் வேறொரு பேப்பரை எடுத்து நீட்டலாம்.

ஒரே கட்சி ஆளும் நாட்டில் அப்படி நீட்ட ஒன்றும் இருக்காது. சீனாவின் 'மக்கள் நாளிதழ்' 1949 முதல் கம்யூனிஸ்ட் கட்சி மத்தியக் குழுவின் ஏடு. வியட்நாமில் நியான் ஸான், கியூபாவில் கிரான்மா, வட கொரியாவில் ரோடோங் சின்முன் எல்லாம் இந்த வகைதான். சோவியத் யூனியனில் பிராவ்தா இருந்தது. இத்தகைய நாடுகளில் மற்ற பத்திரிகைகளும் வரும். ஆனால் கட்சி ஏடு சொன்னதற்கு மாறாக எழுத முடியாது.

இந்த ஏடு செய்தி சொல்வதை விட உத்தரவு சொல்வதற்கே அதிகம் பயன்படுகிறது. மேலிடம் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள மாவட்ட அதிகாரி அதைப் படிப்பார். 1989 ஏப்ரல் 26 அன்று மக்கள் நாளிதழின் தலையங்கம், பெய்ஜிங் மாணவர் போராட்டத்தைத் திட்டமிட்ட கலவரம் என்றது. அன்றைய சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்கின் கருத்து அது என்பது மாணவர்களுக்கும் தெரியும். மறுநாளே பல்லாயிரம் பேர் அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள்.

மறுத்துப் பேச ஆளில்லாத பத்திரிகை என்ன செய்யும் என்பதை நெல் விளைவிக்கும் நம் பக்கத்து விவசாயி உடனே புரிந்துகொள்வார். 1958 ஆகஸ்டில் மக்கள் நாளிதழ் ஒரு செய்தி போட்டது. ஹூபெய் மாகாணத்தில் ஒரு 'மூ' நிலத்தில் 36,900 ஜின்னுக்கு மேல் நெல் விளைந்ததாம். நம் கணக்கில் 16 சென்ட்டில் 18 டன்! நன்றாக விளைந்தாலே நமக்கு ஏக்கருக்கு இரண்டரை, மூன்று டன்தான். கதிர்களின் மேல் குழந்தைகள் நிற்கும் படமும் வந்தது. பல வயல்களின் முற்றிய பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டு உண்டாக்கிய விளைச்சல் அது. பார்த்த எந்த விவசாயிக்கும் பொய் என்று தெரிந்திருக்கும். சொல்லத்தான் இடமில்லை.

அந்தப் பொய் காகிதத்தோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கணக்கை ஏற்றினார்கள். ஏற்றிய கணக்குப்படி அரசு நெல்லைக் கொள்முதல் செய்துகொண்டது. விளைவித்தவர் வீட்டில் சோறில்லை. அடுத்து வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சுதந்திரமான பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் வாதிடும்போது, அவர் முக்கியமாகக் காட்டும் உதாரணம் இதுதான்.

மறுத்துப் பேச இடமில்லாத அந்த நிலையின் ஓரத்தை நாமும் தொட்டிருக்கிறோம். நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கைதான கட்சிக்காரர்களின் பெயரை வெளியிடத் தணிக்கை விடவில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியல் போட்டது. யார் யார் சிறையில் இருக்கிறார்கள் என்று தொண்டர்களுக்குப் புரிந்துவிட்டது. நேற்று வரை ஆளுங்கட்சிப் பத்திரிகையாக இருந்தது, மூன்றே நாளில் உண்மையை ஒளித்து வைத்துச் சொல்லும் பத்திரிகையானது. ஆட்சியில் இருக்கும் எந்தக் கட்சியும், எங்கள் பத்திரிகை மட்டும் போதும் என்று நினைக்கத் தொடங்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

சீனாவின் ஏட்டைப் படிக்காமல் ஒதுக்கச் சொல்லவில்லை. எல்லை விவகாரத்தில் பெய்ஜிங்கின் நிலைப்பாடு என்ன, கட்சியில் யார் பெயர் முன்னால் வருகிறது, யார் பெயர் காணாமல் போயிற்று என்று அறிய அதைக் கவனமாகவே படியுங்கள். விளைச்சலையும் பசியையும் பற்றி மட்டும் வேறு இடத்திலும் விசாரியுங்கள்.