செம்பருந்து

எழுவைதீவுக் கரையில் மீனவர் வலை உதறும் வேளையில் வானில் வட்டமிடும் செம்பருந்தைக் கருடன் எனக் கைகூப்பி வணங்குகின்றோம். நயினாதீவுத் தல ஐதிகமும் கருடனை நாகத்தின் பகையாகக் காட்டும். எனினும், இதன் உணவு பெரும்பாலும் செத்த மீனும் நண்டுமேயாம். இதற்கு உறவான ஆபிரிக்க மீன்கழுகும் வெண்டலையும் செம்மேனியும் உடையது. சாம்பியா நாட்டுக் கொடியில் இடம்பெற்ற அப்பறவை, நீரில் உலவும் மீனைப் பாய்ந்து பற்றும். நமது பருந்தோ ஒதுங்கிய கழிவைப் பொறுக்கியுண்டு கரையைத் தூய்மை செய்யும்.

ஈண்டு மாணவர் கருதற்பாலது ஒன்றுண்டு. வெண்டலையும் செங்காவி மேனியும் முதிர்ந்த பறவைக்கே உரியன. இளம்பறவை கபில நிறத்தது. அதனைக் கரும்பருந்தெனப் பலர் மயங்குவர். வாலை நோக்கின் ஐயந்தீரும். கரும்பருந்தின் வால் பிளவுபட்டது. செம்பருந்தின் வால் வட்டமானது. முதிர்ந்ததை வணங்கி, அதன் இளையதைக் கோழிக்கள்வன் என்று கல்லெறிதல் முறையாகுமா? நெடுமரத்துச் சுள்ளிக்கூட்டில் இது ஓரீட்டில் இடுவன பெரும்பாலும் இரண்டு முட்டைகளே. ஆதலின் ஒரு குஞ்சின் அழிவும் பேரிழப்பாம். கூடு தாங்கும் மரங்களையும் கபிலக் குஞ்சுகளையும் காப்போமாக.