உங்களுக்குத் தெரியுமா? ஓசூருக்குப் போகும் பென்னாகரத்துக் காவிரி

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். அங்கே வீட்டுக் குழாயில் வரும் காவிரி, பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கல் பள்ளத்தாக்கிலிருந்து மேடேறிப் போகிறது!

• ஜப்பான் கடனுதவியுடன் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கியது. செலவு சுமார் 1,928 கோடி ரூபாய்.

• திட்டத்தின் முதல் நோக்கம், நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடிலிருந்து மக்களை மீட்பது. ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்த மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும்.

• தொழிற்பேட்டைகளால் பெருத்த ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும் பெருகப் பெருக, தண்ணீர்த் தேவையும் கூடுகிறது.

மனை வாங்கப் போகிறீர்களா? மனைப்பிரிவின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள்; குடிநீர் எங்கிருந்து வரும் என்பதையும் கேளுங்கள்.