வெயிலில் ஓடும் ரேடியோ கடிகாரம்: ரிப்பேருக்குக் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் மருமகப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வரும்போது கொண்டு வரும் பொருள்களில் இப்போது ஒரு புதுவகைக் கைக்கடிகாரமும் சேர்ந்திருக்கிறது. சாவி கொடுக்க வேண்டாம், பாட்டரி மாற்ற வேண்டாம், நேரத்தை வானொலி அலையில் வாங்கித் தானே திருத்திக்கொள்ளும் என்று சொல்லித் தருகிறார்கள். சில மாதம் கழித்து, "சிக்னல் எடுக்கவில்லை", "முள் நின்றுவிட்டது" என்று ரிப்பேர் கடைக்குப் போகிறோம். பழுதே இல்லாத கடிகாரத்துக்கும் அங்கே செலவு வந்து நிற்கிறது. வியாபாரிகளாகிய நாம், சரக்கில் குறையா, வைத்த இடத்தில் குறையா என்று பார்த்துப் பழகியவர்கள். அதே கண்ணோடு இதையும் பார்ப்போம்.

சிக்னல் எங்கிருந்து வருகிறது?

அணுக்கடிகாரத்தின் நேரத்தை நெட்டலையில் அனுப்பும் நிலையங்கள் உலகில் மிகச் சிலவே. ஜெர்மனியில் பிராங்பர்ட் அருகே மைன்ஃபிளிங்கன் (77.5 கிலோஹெர்ட்ஸ்), இங்கிலாந்தில் ஆந்தோர்ன் (60), அமெரிக்காவில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் (60), ஜப்பானில் இரண்டு (40, 60), சீனாவில் ஷாங்சியூ (68.5). கடிகாரப் பெட்டியில் "மல்டி பேண்ட் 6" என்று போட்டிருந்தால் இந்த ஆறையும் அது வாங்கும் என்று அர்த்தம். ஜெர்மனி, இங்கிலாந்து அலைகள் நம்பகமாக எட்டுவது சுமார் 1,500 கிலோமீட்டர். அமெரிக்க அலை 3,000 கிலோமீட்டர் அளவுக்கு எட்டும்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட நெட்டலை நிலையம் கிடையாது. துபாயிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ கடிகாரம் சிக்னல் எடுக்கவில்லை என்றால் அது பழுது அல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே உண்மையிலேயே கூடம்தான் கோணல்.

சிக்னல் இல்லாவிட்டால் அது ஒரு சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமாக ஓடும். மாதத்துக்குக் கூடியோ குறைந்தோ 15 விநாடி வரை வித்தியாசம் வரலாம். கைபேசி நேரத்தைப் பார்த்து மாதம் ஒருமுறை திருத்தினால் போதும். புதிய மாதிரிகள் சில, கைபேசியோடு இணைத்தால் அதிலிருந்தே நேரத்தை வாங்கிக்கொள்ளும்.

வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள்

நேரம் தவறாகக் காட்டினால் முதலில் எவ்வளவு தவறு என்று குறித்துக்கொள்ள வேண்டும். நோய் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

சில விநாடி என்றால் மேலே சொன்ன குவார்ட்ஸ் ஓட்டம்தான்.

மணிக்கணக்கில், அதுவும் அரை மணியோடு சேர்ந்து வித்தியாசம் இருந்தால், கடிகாரம் இன்னும் வாங்கிய ஊரின் நேரத்திலேயே இருக்கிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். ஜப்பான் மூன்றரை மணி முன்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் பின்னால். ஜெர்மனி நாலரையும் மூன்றரையும். ஊர் அமைப்பை டெல்லிக்கு மாற்றினால் சரியாகிவிடும். முள்ளை மட்டும் தள்ளி வைப்பது சரியல்ல.

இலக்கத்தில் ஒரு நேரம், முள்ளில் வேறு நேரம் என்றால், அடிபட்டோ காந்தத்தின் அருகில் இருந்தோ முள் இடம் பெயர்ந்திருக்கிறது. ஒலிபெருக்கி, கைபேசி உறையின் காந்தப் பூட்டு ஆகியவற்றின் பக்கத்தில் கழற்றி வைக்க வேண்டாம். முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் முறை மாதிரிக்கு மாதிரி மாறும். பின்மூடியில் உள்ள எண்ணைக் கொண்டு தேடினால் அதற்கான குறிப்பேடு நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

விநாடி முள் இரண்டு இரண்டு விநாடியாகத் தாவினால் அது பசி. பல நிறுவனங்களின் கடிகாரங்களில், ஒளி போதவில்லை என்று சொல்லும் அடையாளம் இதுதான்.

வெளிச்சம்தான் தீனி

மளிகைக்கடை உள்ளறையிலும் கிடங்கிலும் நாள் முழுதும் நிற்கிற நமக்கு இந்தக் குறை அதிகம் வரும். காசியோவின் பல மாதிரிகளில் ஒரு நாள் ஓட்டத்துக்கான மின்சாரம் சேர, வெளி வெயிலில் 5 முதல் 8 நிமிடம் போதும். குழல்விளக்கு வெளிச்சத்தில் அதற்கே 8 மணி நேரம் ஆகும். முழுக்கைச் சட்டைக்குள் மறைந்திருந்தால் அதுவும் கிடையாது. பீரோவில் பல நாள் வைத்திருந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த முள்ளை நிறுத்திவிடும் மாதிரிகளும் உண்டு. வெளிச்சம் பட்டதும் தானே ஓடிச் சரியான நேரத்தில் வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முழுக்கப் பசித்த கடிகாரத்தை, முகப்பு மேலே பார்க்கும்படி சன்னலோர வெயிலில் சில நாள் வையுங்கள். காரின் முன்கண்ணாடி அருகிலோ சூடான பல்புக்கு ஒட்டியோ வைக்கக் கூடாது. கடும் சூடு கெடுக்கும்.

பல நாள் வெயிலில் வைத்தும் ஓடவில்லை என்றால்தான் உள்ளே உள்ள செல் மீது சந்தேகப்பட வேண்டும். இங்கேதான் பெரிய எச்சரிக்கை. இது மின்னேற்றம் ஏற்கும் தனிவகைச் செல். காசியோவின் பல மாதிரிகளில் உள்ளது சிடிஎல் 1616. அதே அளவில் கடைகளில் கிடைக்கும் சிஆர் 1616 சாதாரணச் செல், மின்னேற்றம் ஏற்காது. அளவு சரியாக இருக்கிறதே என்று அதைப் போட்டால் கசிந்து இயந்திரத்தையே கெடுத்துவிடலாம். செல்லின் எண்ணைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக்னல் உள்ள நாட்டில் இருப்போருக்கு

ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருக்கும் நம் பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம். இரவில் கடிகாரத்தைக் கழற்றிச் சன்னலோரம் அசையாமல் வைக்க வேண்டும். இரும்பு அலமாரி, தொலைக்காட்சி, கணினி, மோட்டார் ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பின்னிரவில் அலை தெளிவாக வரும். முழு நேரக் குறியும் வந்து சேர ஒரு நிமிடம் ஆகும். சில சமயம் குறை அனுப்புகிற இடத்திலேயே இருக்கும். 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தை அடுத்த அணு உலை விபத்தால் ஃபுகுஷிமா நிலைய ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த 40 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு ஏப்ரல் வரை நின்றிருந்தது. அப்போது கடிகாரத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

விற்கும் அன்பர்களுக்கு

பரிசுப் பொருள் கடையிலும் ஃபேன்சி கடையிலும் இவற்றை வைத்து விற்கும் உறுப்பினர்கள், "சூரிய ஒளியில் ஓடும், ஆனால் ரேடியோ திருத்தம் இந்தியாவில் வேலை செய்யாது" என்று விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்றால் ஒரு மாதத்தில் அதே சரக்கு திரும்பி வரும். வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார். வாங்குகிறவர்களும், ரேடியோ வசதிக்காகக் கூடுதல் விலை கேட்டால் யோசிக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதையும் வாங்குமுன் விசாரிக்க வேண்டும்.

ஆகவே வணிக அன்பர்களே, முதலில் வித்தியாசத்தைக் குறியுங்கள், அடுத்து ஊர் அமைப்பைப் பாருங்கள், பிறகு வெயிலில் வையுங்கள். இந்த மூன்றுக்கும் காலணா செலவில்லை. அதற்குப் பிறகும் ஓடாவிட்டால் ரிப்பேர் கடைக்குப் போகலாம்.