பழைய பிக்கப்பிற்குப் புதிய சில்லு: பூட்டுமுன் அளந்து பார்ப்போம்



இடம்பெயர்ந்து வாழும் எமது மக்களிடையே ஒரு பழைய பிக்கப் வண்டி வெறும் வாகனமல்ல. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் அந்த ஒரு வண்டியில்தான் நெல் மில்லுக்குப் போகிறது. வெங்காயம் சந்தைக்குப் போகிறது. இரவில் வலி கண்ட கர்ப்பிணித் தாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், புதிய வண்டியின் விலை எமது சங்கங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே முப்பது, நாற்பது வயதான வண்டிகளையே பேணி ஓட்ட வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இவ்வண்டிகளின் சில்லுகள் உக்கிப் போகின்றன. பழைய அளவு ரயர்கள் கிடைப்பதும் அரிதாகிறது. எனவே பிற்காலத்து வண்டிகளின் சில்லுகளைப் பூட்ட விரும்புகிறோம். இதில் தவறில்லை. ரியூப் இல்லாத ரயர் முள்ளுக் குத்தினாலும் பெரும்பாலும் மெல்லத்தான் காற்று இறங்கும். பஞ்சர் ஒட்டுவதும் இலகு. ஆனால் ஒரு சில்லு வண்டியில் ஏறிவிட்டது என்பதற்காக அது அவ்வண்டிக்குப் பொருந்திவிட்டது என்று எண்ணக் கூடாது. இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நாம் பணியாற்றும் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் கூட்டு வண்டி 1980களில் வந்த நிசான் பிக்கப். அதன் சங்கம் எமது சுழற்சிக் கடன் நிதியிலிருந்து பணம் எடுத்து நான்கு அலோய் சில்லுகளை வாங்கியது. அவை பிந்திய ரொயோட்டா பிக்கப்பிலிருந்து கழற்றியவை. வண்டியில் ஆறு போல்ட், சில்லில் ஆறு துளை, தள்ளியவுடன் ஏறின. எல்லோருக்கும் சந்தோசம். சில நாட்களில் வண்டி இலேசாக உதறத் தொடங்கியது. வீதி பழுது என்று நினைத்தார்கள். அடுத்த மாதம் குளக்கட்டு வளைவில் பின்சில்லு ஒன்று கழன்று உருண்டது. வெங்காய மூடைகளின் மேல் இருந்து வந்த ஒரு தாய்க்குக் கை முறிந்தது. வேகம் குறைவாக இருந்தபடியால் உயிர்கள் தப்பின.

வண்டியிலும் குறையில்லை, சில்லிலும் குறையில்லை. இரண்டையும் அளக்காமல் சேர்த்ததே குறை. பணம் கொடுத்த நாமும் “அளந்தீர்களா?” என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இப்போது ஆறாகப் பிரித்துத் தருகிறோம்.

1. போல்ட் வட்டம் சரியா?

போல்ட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டமே போல்ட் வட்டம். நான்கு அல்லது ஆறு துளையுள்ள சில்லில் நேர் எதிரான இரு துளைகளின் மையத்திலிருந்து மையத்திற்கு அளக்கலாம். ஐந்து துளையில் நேர் எதிர் இல்லை. அடுத்தடுத்த இரு துளைகளின் மையத் தூரத்தை அளந்து 0.588ஆல் வகுத்தால் விடை கிடைக்கும்.

ஆறு போல்ட் உள்ள பழைய ஜப்பான் பிக்கப்புகள் பலவற்றில் இது 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். ஆனால் ஆறு போல்ட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. நிசான் நவாராவின் டி40 வகையில் ஆறு போல்ட்டே உண்டு, வட்டமோ 114.3 மி.மீ. ஆகவே ஒரே கம்பனியின் சில்லு என்பதும் உறுதியல்ல.

பெரிய வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். சிறிய வித்தியாசமே ஆபத்தானது. எமது பெரியோர்கள் ஓட்டிய மொறிஸ் மைனரின் நான்கு போல்ட் வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. இன்றைய சிறிய ஜப்பான் கார்கள் பலவற்றில் 100 மி.மீ. நட்டை இழுத்து இறுக்கினால் சில்லு ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் பக்கவாட்டில் இழுபட்டபடியே ஓடும். ஒரு நாள் முறியும்.

2. நடுத்துளை சரியா?

சில்லின் நடுத்துளை ஹப்பின் மேட்டில் இறுக்கமாக அமரும்போது சில்லு தானாக மையத்திற்கு வரும். மேற்சொன்ன நிசான் பிக்கப்பின் ஹப் 100 மி.மீ.; பூட்டிய ரொயோட்டா சில்லின் நடுத்துளை 106 மி.மீ. சுற்றிவர 3 மி.மீ. வெளி. ஹப் சில்லைத் தாங்கவில்லை. ஆறு நட்டுகளே தாங்கின. எதிர்மாறாக, 100 மி.மீ. துளையுள்ள சில்லு 106 மி.மீ. ஹப்பில் ஏறவே ஏறாது. அப்போது சிலர் துளையை அராவிப் பெருப்பிக்கிறார்கள். கையால் அராவிய துளை ஒருபோதும் மையமாக இராது.

நடுத்துளை பெரிதாயின், வித்தியாசத்தை நிரப்பும் வளையத்தை லேத் பட்டறையில் அளவாகக் கடைந்து போடலாம். வளையம் சில்லை மையப்படுத்தும். மற்றக் குறைகளைத் தீர்க்காது.

3. நட்டு எங்கே அமர்கிறது?

இரும்புச் சில்லின் துளை புனல் போலச் சரிந்திருக்கும். நட்டின் முனையும் கூம்பாக இருக்கும். இரண்டும் சேரும்போது சில்லு மையத்தில் பிடிபடும். ரொயோட்டாவின் அலோய் சில்லுகள் பலவற்றில் துளை நேரானது. அதற்குத் தட்டையான வாசர் கொண்ட, கழுத்துள்ள நட்டு வேண்டும். நேர்த் துளையில் கூம்பு நட்டைப் போட்டால் அது துளையின் ஓரத்தை மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஓரம் தேயத் தேய நட்டு இளகும். எமது கிராமத்து வண்டியில் நடந்தது இதுவே.

ரொயோட்டா நட்டைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டும் 12 மி.மீ. தடிப்பு, ஆனால் ரொயோட்டாவின் புரி இடைவெளி 1.5 மி.மீ., அந்த நிசானின் புரி 1.25 மி.மீ. பலவந்தமாக ஏற்றினால் புரி அழியும்.

அலோய் சில்லு இரும்பைவிடத் தடிப்பானது. ஆகவே போல்ட் வெளியே நீட்டும் நீளம் குறையும். நட்டின் புரி போல்ட்டைக் குறைந்தது அதன் தடிப்பளவாவது பிடிக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டில் 1.5 புரியானால் 8 முழுச் சுற்று, 1.25 புரியானால் 10 சுற்று. கையால் நட்டைச் சுற்றி எண்ணிப் பாருங்கள்.

4. உள்ளே எவ்வளவு போகிறது?

சில்லைக் கவிழ்த்து, பின்புற விளிம்பின் மேல் நேர்ச் சட்டம் ஒன்றை வையுங்கள். சட்டத்திலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரையுள்ள ஆழத்தை அளந்து, பழைய சில்லின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். புதியதில் 20 மி.மீ. கூடினால் சில்லின் உள்விளிம்பு 20 மி.மீ. உள்ளே போகும். அகன்ற ரயர் போட்டால் இன்னும் போகும். அப்போது முன்னே ஸ்ரியறிங் தண்டிலும், பின்னே வில்லுத்தகட்டிலும் ரயர் உரஞ்சும். சில்லு வெளியே தள்ளி நின்றால் பெயறிங்கிற்குப் பாரம் கூடும், ஸ்ரியறிங் கனக்கும்.

5. ரயர் சுமையைத் தாங்குமா?

விவசாயிக்கு இதுவே முக்கியமான கேள்வி. ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு சுமை எண் இருக்கும். அது ஒரு ரயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும்: 86 என்றால் 530 கிலோ, 94 என்றால் 670 கிலோ, 106 என்றால் 950 கிலோ.

வெறும் வண்டி 1,500 கிலோ என்று வைப்போம். அதில் சுமார் 700 கிலோ பின்னச்சில் நிற்கும். 15 மூடை நெல் ஏற்றினால் ஏறக்குறைய 1,000 கிலோ. அதில் 900 கிலோ வரை பின்னச்சிலே இறங்கும். மொத்தம் 1,600 கிலோ. ஒவ்வொரு பின் ரயருக்கும் 800 கிலோ. 94 எண் கொண்ட கார் ரயர் இதைத் தாங்காது. பளபளப்பான கார் சில்லும் தாங்காது. சில்லின் பின்புறத்தில் அது தாங்கும் பாரம் பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள். மேலே ஆட்களையும் ஏற்றினால் கணக்கு இன்னும் மோசமாகும்.

6. உயரம் ஒத்திருக்கிறதா?

205/80 ஆர்16 ரயரின் உயரம் ஏறக்குறைய 734 மி.மீ. 215/65 ஆர்16 ரயர் 686 மி.மீ. இரண்டும் 16 அங்குல றிம்மிற்கே உரியவை. ஆனால் பின்னதைப் போட்டால் வண்டி 24 மி.மீ. பதியும், வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 56ஆக இருக்கும். அளவுக்கு மீறி உயர்ந்த ரயரோ கிளச்சையும் பிறேக்கையும் வருத்தும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் நான்கும் ஒரே உயரமாக இருத்தல் கட்டாயம். இல்லையேல் கியர்ப் பெட்டி கெடும்.

பழைய சில்லு வாங்கும்போது

வெடிப்புப் பார்க்க மண்ணெண்ணெய் போதும். சில்லைக் கழுவிக் காயவிட்டு, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்தபின் சோக்குத் தூள் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதனுள் நின்ற மண்ணெண்ணெய் சோக்கில் கோடாக ஊறும். எனினும் மிக நுண்ணிய வெடிப்பு இதில் தெரியாமலும் போகலாம். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்திய அல்லது ஒட்டு வைத்த அலோய் சில்லை வாங்காதீர்கள். அதன் பலம் போய்விட்டது. ரயரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

புதிய துளை துளைப்பதும், துளையை அடைத்து ஒட்டுவதும், இடையில் தகடு வைத்துச் சில்லை வெளியே தள்ளுவதும் வேண்டாம். எமது ஆலோசனை இதுதான்: அதே கம்பனியின் பிந்திய பிக்கப்பிலிருந்து, அளந்து பார்த்து, இரும்புச் சில்லை எடுங்கள். அழகு குறைவு, பலம் நிச்சயம். பாரத்தில் நசிந்தாலும் இரும்பு பெரும்பாலும் முதலில் வளையும், அலோய் வெடிக்கும்.

பூட்டும் முறை

ஹப்பின் முகத்திலுள்ள கறளையும் பெயின்ற்றையும் கம்பித் தூரிகையால் சுரண்டுங்கள். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிர் எதிராக இறுக்குங்கள். ஒரே சுற்றாக வரிசையில் இறுக்க வேண்டாம். 12 மி.மீ. போல்ட்டுக்கு, அரை மீற்றர் நீளத் தண்டின் நுனியில் ஏறக்குறைய 22 கிலோ பாரம் கொடுக்கும் இறுக்கம் போதும். தண்டின் மேல் ஏறி நின்று மிதித்தால் போல்ட் நீண்டு பலமிழக்கும். முன்சில்லை இருபக்கமும் முழுவதும் திருப்பி உரஞ்சுகிறதா என்று பாருங்கள். பாரம் ஏற்றியும் பாருங்கள். 50 கிலோமீற்றரிலும் 100 கிலோமீற்றரிலும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். வண்டி உதறினால் வீதியைக் குற்றஞ் சொல்லாமல், இறங்கி நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

முடிவாக

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். ஓர் அளவுச் சட்டமும், லேத் பட்டறையில் இரவல் வாங்கிய வேணியரும், ஒரு மணித்தியாலமும் இதற்குப் போதும். அந்தத் தாயின் கை பொருந்திவிட்டது; ஆனால் அந்தப் போகத்தில் அவரால் வெங்காய நடுகைக்குப் போக முடியவில்லை. இப்போது எமது நிதியிலிருந்து சில்லு வாங்கக் கடன் கேட்கும் சங்கங்களிடம் மேற்சொன்ன ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கேட்கிறோம். இதைத் தொந்தரவாக எண்ணாதீர்கள். அந்த வண்டியின் மேல் இருந்து வருபவர்கள் உங்கள் பிள்ளைகள்.